வாய் திறந்த கிடங்கு

திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில் ஐப்பசி இடி பெரும்பாலும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல்தான். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு கிழக்கே மலைப்பக்கம் கறுத்து, டீ நேரத்தில் ஜன்னல் கண்ணாடி அதிரத் தொடங்கும். மலையாளத்தில் இதற்குத் துலாவர்ஷம் என்று பெயர். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு அப்படி ஒரு சாயங்காலம், அப்போது நான் வேலைபார்த்த சிறிய நிறுவனத்தின் சர்வர் அறையில், நானும் ஒரு சேட்டனும் ரேக்குக்கு முன்னால் வாயடைத்து நின்றோம். பன்னிரண்டு டிஸ்க் போட்ட ஸ்டோரேஜ் பெட்டி. மூன்றாவது டிஸ்க்கில் ஆரஞ்சு விளக்கு. ஏழாவதிலும் ஆரஞ்சு விளக்கு.

மூன்றாவது அன்றைய இடியில் போனது. ஏழாவது? சேட்டன் லாக்கைத் திறந்து பார்த்தார். அது போய் நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது.

பெட்டி சும்மா இருக்கவில்லை. நாற்பத்தொரு நாளும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அனுப்பிய முகவரி, அதை நிறுவிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்ட ஒருவருடையது. ரெய்டு 5 முறையில் ஒரு டிஸ்க் செத்தால் மற்றவை தாங்கும், இரண்டாவது செத்தால் எல்லாம் போகும். கடைசி பேக்கப் டேப்புக்குப் பிறகான ஒன்பது நாள் வேலை அன்றோடு போயிற்று. “ஒண்ணும் மிண்டாத்ததுகொண்டு நல்லதாணெந்நு கருதி, அண்ணாச்சி” என்றார் சேட்டன். அது ஒன்றும் பேசாமல் இருந்ததால் நன்றாக இருக்கிறது என்றே நினைத்துவிட்டோம் என்று பொருள். நாகர்கோவிலிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வருகிறவன் என்பதால் நான் அவருக்கு அண்ணாச்சி. வயதில் அவர்தான் மூத்தவர்.

அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. கிடங்கு பேசவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? இதை எனக்கு முன்னால் யார் யார் கேட்டார்கள், என்ன செய்தார்கள் என்று அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். ஸ்டோரேஜைக் கண்காணிப்பு மென்பொருளோடு இணைக்கும் வேலை பிறந்த கதை என்று நான் புரிந்துகொண்டிருப்பது, அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்த பதில்தான்.

கதையின் இரண்டு வேர்களும் ஒரே பருவத்தில் முளைத்தவை. 1987 நவம்பரில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வலையமைப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நான்கு பேர் ஒரு சிறிய நெறிமுறையை எழுதி வெளியிட்டார்கள். ஜெஃப் கேஸ், ஜேம்ஸ் டேவின், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஸ்காஃப்ஸ்டால். தூரத்திலிருக்கும் ஒரு கேட்வேயிடம் ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்டுப் பதில் வாங்குவதற்கான நெறிமுறை அது. அடுத்த மாதமே, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் தொழில்நுட்ப அறிக்கை ஒன்றைப் பதித்தார்கள். விலைமலிந்த சிறு டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டினால், ஒன்று செத்தாலும் தரவு சாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றது அந்த அறிக்கை. உலகம் இன்று ரெய்டு என்று சொல்வது அதைத்தான்.

இந்த இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் பிறந்தவை. ஆனால் இரண்டாவது வந்ததும் முதலாவது கட்டாயமாகிவிட்டது. ரெய்டுக்கு முன்னால் டிஸ்க் செத்தால் வேலை நிற்கும், ஊரே கூடும். ரெய்டு வந்த பிறகு சாவுக்குச் சத்தம் இல்லை. கோப்புகள் திறக்கும், சம்பளப் பட்டியல் ஓடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. எங்கள் ஏழாவது டிஸ்க் போல. தாங்கிக்கொள்ளும் சக்தியை ஒரு பெட்டிக்குக் கொடுத்தால், தாங்கிக்கொண்டிருப்பதைச் சொல்லும் வாயையும் கூடவே கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த நால்வரின் நெறிமுறை 1988 ஆகஸ்டில் திருந்திய வடிவில் எஸ்.என்.எம்.பி. என்ற பெயரில் வந்தது. பெயரிலேயே ‘எளிய’ என்ற சொல் உண்டு. அதே ஆண்டு ஏப்ரலில் இணையத்தின் வழிகாட்டிக் குழு ஒரு முடிவெடுத்திருந்தது: இப்போதைக்கு இந்த எளியது இருக்கட்டும், நாளைக்கு சர்வதேசத் தர அமைப்பின் முழுமையான பெரிய முறைக்கு எல்லோரும் மாறிக்கொள்ளலாம். அந்த நாளை வரவேயில்லை. எளியதுதான் நின்றது. காரணம் சாதாரணமானது. எவ்வளவு மட்டமான கருவியும், கொஞ்சம் நினைவகமும் ஒரு யு.டி.பி. போர்ட்டும் இருந்தால், இந்த முறையில் பதில் சொல்லிவிடும். கேள்வி 161ஆம் போர்ட்டுக்குப் போகும். அவசரமாகக் கருவியே கத்தவேண்டும் என்றால் 162க்குக் கத்தும்.

எதைக் கேட்பது, எந்தப் பெயர் சொல்லிக் கேட்பது என்பது இதைவிடப் பெரிய கேள்வி. ஒவ்வொரு கம்பெனியும் தன் கருவியின் உறுப்புகளுக்குத் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தால் கேட்பவனுக்குப் பைத்தியம் பிடிக்கும். அதனால் ஒரு எண் மரம் நட்டார்கள். 1.3.6.1 என்று வேரிலிருந்து கிளைபிரிந்து போகும். 1.3.6.1.4.1 என்ற கிளையில் கம்பெனிகளுக்கு ஆளுக்கொரு குச்சி: சிஸ்கோவுக்கு 9, நெட்ஆப்புக்கு 789, சினாலஜிக்கு 6574. தன் குச்சிக்குக் கீழே எந்த இலைக்கு என்ன அர்த்தம் என்பதை அந்தக் கம்பெனி ஒரு கோப்பில் எழுதித் தரவேண்டும். ‘மிப்’ என்று நாங்கள் சொல்வது அந்தக் கோப்பை. ஸ்டோரேஜ் பெட்டியை இணைக்கிறேன் என்று உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், பாதி நாள் சரியான மிப் கோப்பைத் தேடுவதிலேயே கழியும்.

1993 செப்டம்பரில் எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒரு மிப் வந்தது. அதில் ஸ்டோரேஜுக்கென்றே ஒரு அட்டவணை: மொத்தம் எவ்வளவு, நிறைந்தது எவ்வளவு, அளவின் அலகு எவ்வளவு. 32 பிட் முழு எண்ணில் அளவைச் சொல்லவேண்டும் என்று வைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது கடல். அலகு 4 கிலோபைட் என்றால் 8 டெராபைட் வரை போகும். யார் அவ்வளவு பெரிய வட்டு வைத்திருக்கப்போகிறார்கள்? நாங்கள் வைத்திருந்தோம். எங்கள் புதுப் பெட்டியைக் கண்காணிப்பில் சேர்த்த அன்று, அது தன் மொத்தக் கொள்ளளவைக் கழித்தல் குறியோடு சொல்லியது. எண் நிரம்பி மறுபக்கம் வழிந்துவிட்டது. நானும் சேட்டனும் அரை நாள் திகைத்தோம். பிறகுதான் அலகைப் பெரிதாக்கிச் சொல்லும்படி எஸ்.என்.எம்.பி. ஏஜென்டின் கான்ஃபிக்கில் ஒரு வரி இருப்பது தெரிந்தது. கிடங்கு பேசினாலும், பேசும் மொழியில் பெரிய எண்ணுக்கு இடமிருக்க வேண்டும்.

பெட்டியின் கதை இப்படிப் போக, உள்ளே சுழலும் டிஸ்க் தனியாகப் பேசக் கற்றுக்கொண்டது. 1992இல் ஐ.பி.எம். தன் டிஸ்க்குகளில் முன்கூட்டியே எச்சரிக்கும் வசதியை வைத்தது. பின்னர் காம்பாக் நிறுவனம் சீகேட், குவாண்டம், கானர் நிறுவனங்களோடு சேர்ந்து இன்னொரு முறையை உருவாக்கியது. இரண்டிலிருந்தும் ஸ்மார்ட் என்ற பொதுத் தரம் வந்தது. இதிலும் பேச்சு எண்ணால்தான். ஐந்தாம் எண் என்றால் கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள். 197 என்றால் படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு 197 என்ற எண்ணைப் பார்த்தாலே வயிறு கலங்கும்.

டிஸ்க் பேசியது, ஆனால் லினக்ஸ் கணினியில் அதைக் கேட்க நல்ல காது இல்லை. அந்தக் காதைச் செய்துகொடுத்தவர் ஒரு இயற்பியலாளர் என்பது எனக்குப் பிடித்தமான செய்தி. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மில்வாக்கி வளாகத்தில் புரூஸ் ஆலன், ஈர்ப்பு அலைகளைத் தேடும் தரவைச் சலிக்க நூற்றுக்கணக்கான கணினிகளைச் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அத்தனை டிஸ்க் இருந்தால் ஏதாவது ஒன்று எப்போதும் செத்துக்கொண்டிருக்கும். சாண்டா குரூஸ் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் கார்ன்வெல் எழுதிவைத்திருந்த ஒரு சிறிய நிரலை எடுத்து, 2002இல் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளாக வளர்த்தார். இன்றும் பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் டிஸ்க்கின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது அதுதான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். 2016 பிப்ரவரி 11 அன்று ஈர்ப்பு அலை கண்டறியப்பட்ட செய்தி வந்தபோது, அதைக் கண்டறிந்த கூட்டுமுயற்சியில் பங்கேற்ற இந்திய நிறுவனங்களில் திருவனந்தபுரத்தின் ஐசர் கல்வி நிறுவனமும் ஒன்று. அன்று இங்கே எல்லோரும் கருந்துளைகளைப் பற்றிப் பேசினார்கள். நான் அந்த டிஸ்க்குகளையும் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் டிஸ்க் சொல்வதை மட்டும் நம்பலாமா? 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் மூவர், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்து எழுதிய கட்டுரை இதற்குக் கசப்பான பதில் தந்தது. முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. அதாவது, டிஸ்க் புலம்பினால் அது மெய். ஆனால் செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்பநிலையைத் தவிர வேறு எந்த ஸ்மார்ட் எண்ணிலும் ஒரு குறிகூடக் காட்டாமலே செத்திருந்தன. சேட்டனிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

கேட்கும் பக்கத்திலும் இந்த ஆண்டுகளில் ஆட்கள் முளைத்தார்கள். மின்னசோட்டாவில் ஈத்தன் கால்ஸ்டாட் 1999இல் நெட்செயின்ட் என்ற மென்பொருளை வெளியிட்டார். பெயருரிமைச் சிக்கலால் 2002இல் அது நாகியோஸ் ஆயிற்று. என்னைப் போன்றவர்கள் தொழில் கற்றதே அதில்தான். அதன் அடிப்படை விதி ஒரு உள்ளங்கைக்குள் அடங்கும். யார் வேண்டுமானாலும் ஒரு குட்டி நிரல் எழுதலாம், எந்த மொழியிலும். அது ஓடி முடிந்து வெளியேறும்போது நான்கில் ஒரு எண்ணை விட்டுச்செல்ல வேண்டும். 0 என்றால் நலம். 1 என்றால் கவனி. 2 என்றால் ஆபத்து. 3 என்றால் தெரியவில்லை.

மூன்று என்ற அந்த எண்ணைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எழுதும் சோதனை நிரல்களில் பெரும்பாலும் அது இருக்காது. ஸ்டோரேஜ் பதில் சொல்லாவிட்டால் நிரல் பேசாமல் 0 என்று முடிந்துவிடும், திரையில் பச்சை எரியும். பதில் வராததையும் நலம் என்பதையும் ஒரே நிறத்தில் காட்டும் திரையைவிடத் திரையே இல்லாதது மேல். குறைந்தபட்சம் ஒருவர் அறைக்குள் போய் விளக்கைப் பார்ப்பார். கண்காணிப்பு என்ற கலையில் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல ஒரு தனி எண் ஒதுக்கியது பெரிய காரியம்.

இனித் திருவனந்தபுரத்துக்கு வருகிறேன். 2001 ஜூலை 20 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்த ஊரில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். கேரளப் பள்ளிக்கூடங்களின் கணினிகள் லினக்ஸுக்கு மாறியதெல்லாம் அந்தக் காற்றின் தொடர்ச்சிதான். அந்த அறக்கட்டளையின் இயக்குநர் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் ஆனந்த் பாபு பெரியசாமி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போன தமிழர். அங்கே அவர் தொழில்நுட்பத் தலைவராக இருந்த கலிஃபோர்னியா டிஜிட்டல் நிறுவனம், லிவர்மோர் தேசிய ஆய்வகத்துக்காகத் தண்டர் என்ற மீக்கணினியைக் கட்டிக்கொடுத்தது. 4096 இட்டானியம் செயலிகள். 2004 ஜூனில் உலகப் பட்டியலில் இரண்டாமிடம்.

ஆயிரம் சர்வர்களை அடுக்கிவைத்தால் இரண்டு தலைவலிகள் உடனே வரும். எந்த சர்வர் சூடாகிறது, எதன் விசிறி நின்றது என்று தெரியவேண்டும். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே கிடங்கு வேண்டும். முதல் தலைவலிக்கு அந்தக் குழுவிடமிருந்து ஃப்ரீஐபிஎம்ஐ என்ற மென்பொருள் வந்தது. சர்வரின் தாய்ப்பலகையில் இருக்கும் தனிச் சிப்போடு பேசி, இயங்குதளமே செத்துக் கிடந்தாலும் வெப்பம், விசிறி, மின்சாரம் பற்றிய செய்தியை வாங்கித் தரும். இரண்டாவது தலைவலியிலிருந்து 2005இல் கிளஸ்டர்எஃப்எஸ் வந்தது. குனூவும் கணினிக் கூட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் சேர்ந்த பெயர். 2011 அக்டோபரில் ரெட் ஹேட் நிறுவனம் அதை உருவாக்கிய கம்பெனியைச் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. கண்காணிப்பும் கிடங்கும் ஒரே ஆளின் மேசையில் அடுத்தடுத்துப் பிறந்த இந்தக் கதையை நினைத்தால், அதில் நம் ஊர்ப் பிள்ளைக்கும் இந்த நகரத்துக்கும் ஒரு நூல் இழை இருப்பதை நினைத்தால், எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கும்.

கிளஸ்டர்எஃப்எஸ்ஸைக் கண்காணிப்போடு இணைத்தபோதுதான் நான் ஒரு விஷயத்தைக் கற்றேன். அதில் மைய சர்வர் என்று ஒன்று கிடையாது. பிரதி முறையில் அமைத்தால் ஒரே கோப்பின் இரண்டு பிரதிகள் இரண்டு சர்வர்களில் இருக்கும். ஐப்பசி இடியில் ஒன்று அரை மணி நேரம் படுத்து எழுந்தது என்று வையுங்கள். அந்த அரை மணியில் எழுதப்பட்டவை மற்றதில் மட்டும்தான் இருக்கும். எழுந்தவுடன் டிஸ்க்குகள் எல்லாம் நலம் என்று சொல்லும், விசிறிகள் நலம், கொள்ளளவு நலம். ஆனால் குணமாக வேண்டிய கோப்புகளின் பட்டியல் ஒன்று உள்ளே இருக்கும். அதில் 4,000 கோப்பு இருக்கும்போது மற்ற சர்வர் விழுந்தால், எங்கள் பழைய ஒன்பது நாள் மறுபடியும். ஆகவே பெட்டியின் நலம் வேறு, டிஸ்க்கின் நலம் வேறு, தரவின் நலம் வேறு. மூன்றையும் கேட்கவேண்டும். ஆறும் காயம் எத்தனை என்ற அந்த ஒரு எண்ணைத் திரைக்குக் கொண்டுவர நாங்கள் எழுதிய நிரல் இருபது வரிகூட இருக்காது.

ஆனந்த் பாபு 2014இல் கரிமா கபூர், ஹர்ஷவர்தனா இருவரோடு சேர்ந்து மினியோ என்ற அடுத்த கிடங்கைத் தொடங்கினார். இதற்குள் கேட்கும் முறையும் மாறியிருந்தது. பெர்லினில் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில், கூகுளிலிருந்து வந்த மாட் ப்ரௌட், ஜூலியஸ் வோல்ஸ் இருவரும் 2012இல் ப்ரோமிதியஸை எழுதத் தொடங்கினார்கள். 2015 ஜனவரியில் உலகுக்குப் பரவலாகச் சொன்னார்கள். அதில் எண் மரமும் இல்லை, மிப் கோப்பும் இல்லை. கிடங்கு ஒரு முகவரியில் தன்னைப் பற்றி எளிய எழுத்தில் ஒரு பக்கம் எழுதிவைக்கும். ஒரு வரிக்கு ஒரு பெயர், எந்த சர்வர் எந்த டிஸ்க் என்ற அடையாளம், ஒரு எண். ப்ரோமிதியஸ் 15 அல்லது 30 விநாடிக்கு ஒருமுறை போய் அந்தப் பக்கத்தை வாசித்து வரும். மினியோ அந்தப் பக்கத்தைத் தானே எழுதும். பேசத் தெரிந்தே பிறந்த கிடங்கு.

கழக்கூட்டத்தின் மென்பொருள் பூங்காவான டெக்னோபார்க்கை ஒட்டியே இருக்கிறது கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகம். அங்கே பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள். ஒவ்வொரு கட்டாக எடுத்து, கயிறை அவிழ்த்து, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்து, புல்தைலம் தடவித் திரும்பக் கட்டிவைப்பது ஓலை காப்பவர்களின் பழைய முறை. ஓலை கூப்பிடாது. முறைவைத்துப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். ப்ரோமிதியஸ் எனக்கு உடனே பிடிபட்டதற்கு அந்த நூலகத்துக்கு முன்னாலேயே ஒருமுறை போயிருந்ததும் காரணம்.

போய்ப் பார்க்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு: கதவு திறக்காவிட்டால் அதுவும் செய்தி. ப்ரோமிதியஸ் தான் வாசிக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் தானாகவே ஒரு எண்ணை எழுதிவைக்கும். பக்கம் கிடைத்தால் 1, கிடைக்காவிட்டால் 0. கிடங்கு வாயே திறக்காவிட்டாலும் அதன் மௌனத்துக்கு ஒரு எண் உண்டு, நேரம் உண்டு, அதன் மேல் அலாரம் வைக்கலாம். எங்கள் நாற்பத்தொரு நாளுக்கு நான் தேடிய பதில் அந்த 0.

மிச்சம் ஒன்று இருந்தது. காவலாளியே செத்துவிட்டால்? அதற்கும் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. எப்போதும் அடித்துக்கொண்டேயிருக்கும் ஒரு அலாரத்தை வைத்து, அதை வெளியூரில் இருக்கும் வேறொரு சேவைக்கு அனுப்பிக்கொண்டேயிருப்பது. அது அடித்துக்கொண்டிருக்கும்வரை யாரையும் எழுப்பாது. ஐந்து நிமிடம் நின்றால் அந்தச் சேவை நம்மைக் கூப்பிடும். பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே மேத்தன் மணியில் மணிக்கொருதரம் தாடிக்காரர் வாய் திறக்க, இரண்டு ஆட்டுக்கிடாக்கள் அவர் கன்னத்தில் முட்டும். முட்டும் சத்தம் தவறாமல் கேட்கும்வரை கோட்டைக்குள் கடை வைத்திருப்பவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சேட்டனுக்கு நான் அப்படித்தான் விளக்கினேன்.

எல்லாவற்றையும் இணைத்து முடித்த அன்றும் மழைதான். சேட்டன் கண்காணிப்பு சர்வரின் பின்னால் போனார். ‘நோக்காம்’ என்று சொல்லிவிட்டு அதன் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினார். என் கைபேசியை ரேக்கின் மேல் வைத்துவிட்டு இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏசியின் இரைச்சல். வெளியே ஒரு இடி. மூன்று நிமிடம், நான்கு நிமிடம். எனக்குக் கை வியர்த்தது. ஐந்தரை நிமிடத்தில் கைபேசி இரும்புத் தகட்டின் மேல் தடதடவென்று அதிர்ந்து நகர்ந்தது. சேட்டன் அதை எடுத்துக் காதில் வைத்து, இயந்திரக் குரல் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு கேபிளைத் திரும்பச் செருகிவிட்டு, பதிவேட்டில் நேரம் எழுதினார்: 4.52. என் ரயிலுக்கு நேரமாகியிருந்தது. அவருடைய குடையை வாங்கிக்கொண்டு ஓடினேன்.